சிப்பித் தூளை அள்ளிப் போட்டால் மட்டும் முட்டை ஓடு கெட்டிப்படாது

வணக்கம் மக்களே! கோழிக்கு மினரல் தூள் வாங்கப் பட்டர்வொர்த்தில் ஒரு தீவனக் கடைக்குப் போய், எரிச்சலோடு திரும்பி வந்திருக்கிறேன். இந்தப் படத்தைப் பாருங்கள். வெறும் பிளாஸ்டிக் பை, ரப்பர் பேண்ட், உள்ளே பழுப்பு நிறத் தூள். மேலே ஓர் எழுத்துகூட இல்லை. 200 கிராம் 18 வெள்ளியாம்! அப்படியென்றால் கிலோ 90 வெள்ளி. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். "எல்லா மினரலும் இருக்குக்கா" என்கிறார். எல்லாம் என்றால் எவ்வளவு எவ்வளவு? செலினியம் கோழிக்கு வேண்டும்தான், ஆனால் அளவு மீறினால் விஷம். அமெரிக்காவில் ஒரு கிலோ தீவனத்துக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் சேர்க்கச் சட்டமே விடாது. பேர் தெரியாத தூளை என் கோழி ராணிக்கு நான் போடவே மாட்டேன்.

ராணியின் முட்டை ஓடு மெலிந்துபோனதைப் போன வீடியோவில் காட்டினேன் அல்லவா? கைப்பேசி டார்ச்சை அடியில் வைத்தால் ஓடு முழுக்கத் திட்டுத் திட்டாக வெளிச்சம் தெரிந்தது. உடனே பாதிப் பேர் "சிப்பித் தூளைக் கூட்டுங்கள்" என்று எழுதியிருந்தீர்கள். சிப்பித் தூளைப் போலவே ஓட்டிலும் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட் என்பது உண்மை. ஆனால் அந்தக் கார்பனேட்டை உண்டாக்கும் நொதிக்குத் துத்தநாகம் வேண்டும். ஓட்டுக்குள் இருக்கும் சவ்வின் இழைகள் ஒன்றோடொன்று பிணையத் தாமிரம் வேண்டும். சுண்ணாம்புப் படிகம் உட்கார அடித்தளம் அமைய மாங்கனீசு வேண்டும். சோளத்திலும் சோயாவிலும் பைட்டேட் என்று ஒன்று இருக்கிறது, அது துத்தநாகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதன் மேல் சிப்பித் தூளை அள்ளிக் கொட்டினால் பிடி இன்னும் இறுகும். அதனால்தான் அந்த யோசனை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன், கொஞ்சம் பின்னால் போவோம். முட்டைக் கோழித் தீவனம் என்று மூட்டையில் வருகிறதே, அதை மட்டும் போடுகிறவர்களுக்கு இந்த வீடியோ தேவையில்லை. அதில் எல்லாம் அளவோடு கலந்தே வருகிறது. 2025 ஆகஸ்ட்டில் மலேசிய அரசின் முட்டை மானியம் நின்ற பிறகு புதிதாகக் கோழி வளர்க்கத் தொடங்கியவர்கள், செலவைக் குறைக்க மூட்டைத் தீவனத்தில் பழைய சோறு, உடைத்த சோளம், தேங்காய்ப் பூ எல்லாம் கலக்கிறீர்கள். கலக்கக் கலக்கச் சத்து நீர்த்துப்போகும். இந்த வீடியோ உங்களுக்குத்தான். வயதான கோழிக்கு முட்டை பெரிதாகும், ஓடு அதே அளவுதான், அதனால் மெலியும். நம் ஊர் வெயிலில் கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலும் ஓடு மெலியும். இந்த இரண்டையும் முதலில் பாருங்கள்.

சரி, இப்போது சந்தோஷமான விஷயம். புக்கிட் மெர்தாஜாமில் வேறொரு கடையில் லேபிள் ஒட்டிய ப்ரீமிக்ஸ், அதாவது மினரலும் வைட்டமினும் அளவோடு கலந்த தூள், ஒரு கிலோ 32 வெள்ளிக்குக் கிடைத்தது! துத்தநாகம், மாங்கனீசு, தாமிரம், அயோடின், செலினியம் எல்லாம் எத்தனை மில்லிகிராம் என்று அச்சடித்திருக்கிறது, காலாவதித் தேதியும் இருக்கிறது. ஆனால் இது 1 டன் தீவனத்துக்கானது. ஒரு கோழி நாளைக்கு 110 கிராம் தின்னும். ஒன்பது கோழி என்றால் ஒரு கிலோ. அப்படியானால் 1 டன் தீர கிட்டத்தட்ட மூன்று வருடம்! அதற்குள் வைட்டமின் எல்லாம் வீணாகிவிடும். அதனால் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், நான்கு வீடு சேர்ந்து பங்கு போட்டோம். ஆளுக்கு 8 வெள்ளி. 90 வெள்ளி எங்கே, 32 வெள்ளி எங்கே, நீங்களே சொல்லுங்கள்!

கலக்கும் முறையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ தீவனத்துக்கு ஒரு கிராம்தான். பெருங்காயத்தைக் கரைத்துக் குழம்பில் ஊற்றுவது மாதிரி, முதலில் ஒரு கைப்பிடி சோள மாவில் பிசறி, அதை இன்னும் கொஞ்சம் தீவனத்தோடு கலந்து, கடைசியில் மொத்தத்திலும் போடுங்கள். நேராகக் கொட்டினால் ஒரு கோழிக்கு எல்லாமும் போகும், இன்னொன்றுக்கு ஒன்றும் கிடைக்காது. தராசு இல்லாதவர்கள் தேக்கரண்டியால் அளக்காதீர்கள், தயவுசெய்து. நகை நிறுக்கும் குட்டித் தராசு இணையத்தில் மலிவாகவே கிடைக்கிறது.

செபராங் பிறை பக்கம் பங்கு சேர ஆள் தேடுகிறவர்கள் கீழே எத்தனை கோழி என்று மட்டும் எழுதுங்கள், நான் சேர்த்துவிடுகிறேன்.