நான்கு வாரமாகியும் குரல் கம்மல் தெளியவில்லையா?

(திரையில்: வகுப்பறை. கரும்பலகையின் முன் நிற்கும் ஆசிரியை தொண்டையைச் செருமிக்கொள்கிறார்.)

பள்ளி திறந்த இரண்டாவது வாரத்திலேயே குரல் கம்மிப்போவதும், இரவில் பனங்கற்கண்டும் மிளகும் போட்ட பாலைக் குடித்துவிட்டு, காலையில் சித்தரத்தைத் துண்டைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு மீண்டும் பாடம் நடத்தக் கிளம்புவதும் ஆசிரியர்கள் பலருக்குப் பழகிப்போனவை. சளியோடு வந்த கம்மல் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தானாகவே தெளிந்துவிடும். பெருமை பாலுக்குப் போய்ச் சேரும், அதில் கெடுதல் ஒன்றுமில்லை. இந்தக் காணொளி, அப்படித் தெளியாமல் நின்றுவிட்ட குரலைப் பற்றியது.

(திரையில்: குரல்நாண்கள் திறந்து மூடும் அசைவூட்டப் படம்.)

குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு சிறிய மடிப்புகளையே குரல்நாண்கள் என்கிறோம். மூச்சு விடும்போது விலகி நிற்கும் இவை, பேசும்போது நெருங்கி வந்து, ஆண் குரலில் நொடிக்கு ஏறத்தாழ 100 முதல் 130 முறையும், பெண் குரலில் ஏறத்தாழ 200 முறையும் அதிர்கின்றன. விளிம்பில் கடுகளவு தடிப்பு விழுந்தாலும் மடிப்புகள் சரியாக மூடாமல் காற்று கசிய, குரல் கம்முகிறது. அந்தத் தடிப்பு, நாள்தோறும் உரக்கப் பேசியதால் இரு பக்கமும் விழுந்த காய்ப்பாக இருக்கலாம். ஒரு பக்கத்துப் பாலிப்பாகவோ (மென்மையான சதை வளர்ச்சி) நீர்க்கட்டியாகவோ இருக்கலாம். புற்றுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். தடிப்பே இல்லாமல், நரம்பு செயலிழந்து ஒரு மடிப்பு அசையாமல் நின்றாலும் குரல் இப்படித்தான் ஒலிக்கும். காதால் கேட்டு மட்டும் இவற்றைப் பிரித்தறிவது அனுபவம் மிக்க மருத்துவருக்கும் இயலாது. கண்ணால் பார்த்தாக வேண்டும்.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். நாக்கை அழுத்தி, டார்ச் அடித்துப் பார்த்து, "தொண்டையில் ஒன்றுமில்லை" என்று சொன்னால் அது உண்மைதான். ஆனால் அந்த வெளிச்சம் குரல்நாண் வரை போகாது. குரல்வளை நாக்கின் அடிப்பகுதிக்கும் கீழே, வளைவுக்கு அப்பால் மறைந்திருக்கிறது. அதை உயிருள்ள மனிதரிடம் தெளிவாகப் பார்த்துக் காட்டியவர் மருத்துவர்கூட அல்லர். மானுவேல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார், 1854-இல் பாரிஸில், பல் மருத்துவர் கண்ணாடி ஒன்றையும் கைக்கண்ணாடி ஒன்றையும் வெயிலில் பிடித்துத் தம்முடைய குரல்நாண்களையே பார்த்தார்.

எத்தனை நாள் பொறுக்கலாம்? அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2009 வழிகாட்டுதல் மூன்று மாதம் வரை இடம் கொடுத்தது. 2018-இல் அதை நான்கு வாரமாகக் குறைத்துவிட்டார்கள். புகைப்பழக்கம் உள்ளவர்கள், கழுத்தில் கட்டி தென்படுபவர்கள், சளியில் இரத்தம் காண்பவர்கள், விழுங்கும்போது வலிப்பவர்கள், கழுத்து அறுவைச் சிகிச்சைக்குப் பின் குரல் மாறியவர்கள் அந்த நான்கு வாரமும் காத்திருக்கக் கூடாது. மூச்சு விடுவதே சிரமமானால் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். குரல்நாணைப் பார்க்காமலேயே வழக்கமாக ஆன்டிபயாட்டிக், ஸ்டீராய்டு, அல்சர் மாத்திரை எழுதித் தருவதையும் அதே வழிகாட்டுதல் ஏற்பதில்லை. மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைக்கும் இது பொருந்தும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

(திரையில்: இ.என்.டி. மருத்துவரின் அறை. மெல்லிய குழாய், பக்கத்தில் மானிட்டர்.)

பரிசோதனையைப் பற்றிய பயம் பெரும்பாலும் தேவையற்றது. மூக்கில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்து, பேனா ரீஃபில் பருமனுள்ள, ஸ்கோப் எனப்படும் வளையும் குழாயை மெல்ல உள்ளே விடுவார்கள். கண்ணில் நீர் கட்டும்; தொண்டையில் ஏதோ நிற்பது போல இருக்கும். "ஈ" என்று நீட்டிச் சொல்லச் சொல்வார் மருத்துவர், மானிட்டரில் உங்கள் குரல்நாண்கள் நெருங்கி வருவதை நீங்களே பார்க்கலாம். சில நிமிடங்களில் முடிந்துவிடும். மரப்பு நீங்கும் வரை எதையும் சாப்பிடாதீர்கள், புரையேறும்.

சாதாரண வெளிச்சத்தில் அந்த அதிர்வு வெறும் மங்கலாகத்தான் தெரியும். ஸ்ட்ரோபோஸ்கோப் என்ற கருவி அதிர்வின் வேகத்துக்குச் சற்றே விலகிய வேகத்தில் விளக்கை மின்ன வைப்பதால், படத்தில் ஓடும் வண்டியின் சக்கரம் மெதுவாகச் சுற்றுவது போல, மடிப்பின் அலை மெதுவாகத் தெரிகிறது. விறைத்துப்போன தழும்பும் உள்ளே புதைந்த சிறு கட்டியும் அதில்தான் பிடிபடும். எனவே "எல்லாம் சரியாக இருக்கிறது" என்ற பிறகும் குரல் தேறவில்லை என்றால், ஸ்ட்ரோபோஸ்கோப் வசதி எங்கே இருக்கிறது என்று அந்த மருத்துவரிடமே கேளுங்கள். எல்லா மருத்துவமனையிலும் அது இருப்பதில்லை.

இடது குரல்நாண் அசையவில்லை என்று தெரிந்தால், தொண்டைக்காக வந்தவரை மருத்துவர் நெஞ்சு ஸ்கேனுக்கு அனுப்பலாம். அந்தப் பக்கத்து நரம்பு மார்புக்குள் இறங்கி, இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது. வழியில் நுரையீரல் கட்டி ஒன்று அதை அழுத்தினாலும் முதலில் கெடுவது குரலாக இருக்கலாம்.

ஆசிரியர்களுக்கு வரும் காய்ப்புக்கு முதல் சிகிச்சை கத்தி அல்ல, ஸ்பீச் தெரபிஸ்ட் தரும் குரல் பயிற்சி. தண்ணீரில் ஸ்ட்ரா வைத்து ஊதிக்கொண்டே ஒலி எழுப்புவது விளையாட்டாகத் தோன்றினாலும், குரல்நாண்கள் மோதும் விசையைக் குறைக்கும் நல்ல பயிற்சி அது. பேசும் பழக்கம் மாறாமல் காய்ப்பை மட்டும் வெட்டி எடுத்தால் அது திரும்ப வரும். கிசுகிசுத்துப் பேசுவதை ஓய்வு என்று எண்ண வேண்டாம். பலருக்கு அதுவும் குரல்வளையை இறுக்குகிறது. பயிற்சி தருபவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்தவரா என்று கேட்பதில் தவறில்லை. மைசூரில் 1965 முதல் இயங்கும் அகில இந்தியப் பேச்சு, கேட்பியல் நிறுவனம் இதற்கென்றே உள்ளது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலிருந்தும் தொடங்கலாம்.

(திரையில்: கைப்பேசியின் குரல் பதிவுச் செயலி.)

போவதற்கு முன் ஒரு வாரம், காலையிலும் மாலையிலும் ஒரே பத்தியைக் கைப்பேசியில் படித்துப் பதிந்து கொண்டுபோங்கள். மருத்துவர் முன் அமரும் நேரத்தில் குரல் நன்றாக இருந்து தொலைப்பது வழக்கம். திரும்பும்போது ஸ்கோப் பதிவைப் பென் டிரைவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பயிற்சிக்குப் பின் மீண்டும் பார்க்கையில், காய்ப்பு சுருங்கியிருக்கிறதா என்று பக்கத்தில் வைத்து ஒப்பிட அது வேண்டும்.