1859 பேஸ்பால் பந்தை நானே செய்துவிட்டேன்!

வணக்கம் மக்களே! வேறு எதுவும் பேசுவதற்கு முன் இதைப் பாருங்கள். கிட்டத்தில் காட்டுகிறேன், தையல் தெரிகிறதா? சமையலறைத் தராசில் 70 கிராம். சுற்றளவு 15 சென்டிமீட்டர். நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு இந்த எண்ணைப் பார்த்ததும் அம்மாவை எழுப்பிக் காட்டினேன்.

போன வீடியோ பார்த்தவர்களுக்கு இது எதன் நகல் என்று தெரியும். 1859 ஜூலை 1, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிட்ஸ்ஃபீல்டு ஊர். ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியும் வில்லியம்ஸ் கல்லூரியும் ஆடிய பேஸ்பால். இரண்டு கல்லூரிகளுக்கு நடுவே நடந்த முதல் பேஸ்பால் ஆட்டம் அதுதான். ஆம்ஹெர்ஸ்ட் 73, வில்லியம்ஸ் 32.

இரண்டு அணியும் அவரவர் பந்தோடு வந்தன. ஆம்ஹெர்ஸ்ட் பந்தைச் செய்தவர் நார்த் புரூக்ஃபீல்டு ஊர்க்காரர் ஹென்றி ஹெபார்டு. இரண்டரை அவுன்ஸ், ஆறு அங்குலச் சுற்று. கிட்டத்தட்ட நான் காட்டிய அதே 70 கிராம், 15 சென்டிமீட்டர்! வில்லியம்ஸ் பந்து ஏழு அங்குலம், ஆனால் எடை இரண்டு அவுன்ஸ்தான். அடிப்பவர் கண்ணுக்குச் சட்டென்று தெரியக் கூடாது என்று வெளிர் நிறத் தோல் வேறு போட்டிருந்தார்கள். அந்தத் தந்திரம் எனக்குப் பிடிக்கவே இல்லை. அதனால்தான் ஹெபார்டின் பந்தைச் செய்தேன்.

தோல் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். கடையில் முழுத் தோலாகத்தான் தருவோம், 350 ரூபாய் என்றார்கள். எனக்கு வேண்டியது உள்ளங்கை அளவு! கடைசியில் தெருமுனையில் செருப்பு தைக்கும் அண்ணன் வெட்டுத்துண்டு ஒன்றை 40 ரூபாய்க்குக் கொடுத்தார், நூலில் மெழுகு தடவித் தைக்கவும் சொல்லிக்கொடுத்தார். முந்நூற்றுப் பத்து ரூபாய் மிச்சம்!

ஆனால் எடை வரவில்லை. கம்பளி நூலை எவ்வளவு இறுக்கிச் சுற்றினாலும், 70 கிராம் வருவதற்குள் பந்து பெருத்துவிடுகிறது. மூன்று தடவை பிரித்தேன். நான்காம் தடவை நடுவில் ஒரு இரும்பு நட்டை வைத்துச் சுற்றினேன். வந்துவிட்டது.

ஆண்கள் ஆடும் கிரிக்கெட் பந்து கிட்டத்தட்ட 156 கிராமுக்குக் குறையாது, இது அதில் பாதிகூட இல்லை. அதற்குக் காரணம் உண்டு. அன்று ஆடிய மாசசூசெட்ஸ் முறையில் அடித்துவிட்டு ஓடுகிறவர் மேல் பந்தை எறிந்து பட்டாலே அவுட். பந்து கனமாக இருந்தால் அடி பலமாகப் படுமே! அப்புறம், முன்பே சொல்லியிருக்க வேண்டும், ஒரு பக்கத்துக்கு 13 பேர். ஒரே ஒருவர் அவுட் ஆனால் போதும், அந்த அணியின் முறை முடிந்து, அடுத்த அணி அடிக்க வந்துவிடும். அப்படியும் 73!

ஆம்ஹெர்ஸ்ட் அணியில் அடிப்பவருக்குப் பந்து எறிந்தவர் மாணவரே இல்லை, கூலிக்குக் கூட்டி வந்த கொல்லர் என்று ஒரு வதந்தி கிளம்பியது. மூன்றரை மணி நேரம் அப்படி எறியக் கொல்லரால்தான் முடியும் என்று வேடிக்கை பார்த்தவர் ஒருவர் சொன்னாராம். கை ஓயாமல் எறிந்தவருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு எது?

எனக்கு எரிச்சல் எங்கே என்றால், எல்லோரும் பந்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே பயணத்தில் இரண்டு கல்லூரிகளும் சதுரங்கமும் ஆடின! அதிலும் ஆம்ஹெர்ஸ்டுக்கே வெற்றி. கிரேக்கம், லத்தீன், கணிதம், தேவாலயப் பிரார்த்தனை என்று நாள் முழுக்கக் கட்டுப்பாட்டில் இருந்த பையன்கள், உடம்பையும் மூளையையும் ஒரே போட்டியில் வைத்தார்கள். அதை விட்டுவிட்டு வெறும் 73-32 சொன்னால் எப்படி?

அடுத்த வருடமே ஆம்ஹெர்ஸ்டில் பாரெட் உடற்பயிற்சிக்கூடம் எழுந்தது. 1861இல் எட்வர்ட் ஹிட்ச்காக் என்ற மருத்துவர் உடற்கல்விப் பேராசிரியராக வந்தார். மாணவர்களின் உயரம், எடை, மார்பளவு எல்லாம் அளந்து எழுதிவைத்தார். பியானோ வாசிக்க, மரத்தாலான டம்பெல்லைத் தூக்கி வகுப்பு வகுப்பாகப் பயிற்சி செய்தார்கள். அந்த டம்பெல்லையும் செய்து பார்க்க ஆசை. மரக்கடையில் விலை கேட்டிருக்கிறேன்.

சரி, நாளைக்கு மைதானம். ஓடுவதற்குத் தம்பி ஒத்துக்கொண்டான். எறியப்போவது நான்.