சுதை புதுசாகட்டும், கல் கிழடாகட்டும்

நேயர்களுக்கு வணக்கம். திருப்பணி முடிந்த கோயிலைப் பார்த்துவிட்டுப் பலரும் சொல்வது, "அடடா, புதுக் கோயில் மாதிரியே ஆக்கிட்டாங்களே!" பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். எனக்கோ பகீரென்கிறது, ஏனென்றால் ஆயிரம் ஆண்டுக் கருங்கல்லைப் புதுசாகக் காட்ட வேண்டுமானால் அதன் மேல்தோலை உரித்தாக வேண்டும்.

மணல் வீச்சு அதைத்தான் செய்கிறது. அழுத்தக் காற்றோடு மணலைப் பீய்ச்சியடித்தால் பழைய சுண்ணாம்பும் எண்ணெய்ப் பிசுக்கும் போகும், கூடவே சிற்பி இழைத்த பரப்பும் போகும். அப்படி அடித்த கல்வெட்டை விரலால் தடவிப் பாருங்கள். எழுத்தின் விளிம்பு மழுங்கி, சுற்றிலும் சொரசொரவென்று இருக்கும். அந்தச் சொரசொரப்பில்தான் அழுக்கும் பாசியும் மறுபடி சீக்கிரம் பிடிக்கும். நாம் திட்டித் தீர்த்த வெள்ளையடிப்பாவது எழுத்தை மறைத்ததே தவிர அழிக்கவில்லை.

சரி, எதையுமே தொடக்கூடாதா? ஆஸ்திரியக் கலை வரலாற்றாசிரியர் அலாய்ஸ் ரீகல் 1903-இல், பழமைக்கென்றே ஒரு மதிப்பு உண்டு என்று எழுதினார். காலம் விட்டுச்சென்ற தடயத்தில் கை வைக்காதே என்கிற அளவுக்குப் போகும் வாதம் அது. நம் கோயிலுக்குப் பாதிதான் பொருந்தும். கோபுரத்துச் சுதை, அதாவது சுண்ணாம்புச் சாந்தில் செய்த பொம்மைகள், மழையில் உதிரும், குடமுழுக்குக்கு முன் சுண்ணாம்பு அரைத்து, மூக்குப் போன பொம்மைக்கு மூக்கு வைத்து, வர்ணம் தீட்டுவது அதன் இயல்பு. அதன்மேல் எனாமல் பூசி உள் ஈரத்தை வெளியேற விடாமல் அடைப்பது தனிக் கொடுமை, அதை இன்னொரு நாள் பேசலாம். கீழேயுள்ள கல்லுக்கு இந்த நியாயமெல்லாம் கிடையாது.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் இரண்டிலும் சேராது: சுதை மாதிரி புதுப்பிக்கவும் முடியாது, கல்தானே என்று அப்படியே விடவும் முடியாது. ராஜசிம்ம பல்லவன் கட்டியது. மதில்மேல் படுத்திருக்கும் நந்திகளைக் கிட்டப்போய்ப் பாருங்கள், முகமெல்லாம் கரைந்து திமில் மட்டும் அடையாளமாக நிற்கும். புகைப்படக்காரர்களுக்குக் கொள்ளை அழகு. ஆனால் உப்புக்காற்று செய்த வேலை அது: கல்லின் நுண்துளைக்குள் போன உப்பு காய்ந்து படிகமாகும்போது கல்லைப் பொடிப்பொடியாக உதிர்த்துவிடுகிறது. இதை ரசித்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. அதனால்தான் தொல்லியல் துறை கடலோரம் பாறைகளைக் கொட்டியது, சவுக்கு நட்டது, ஈரக் காகிதக் கூழைக் கல்லில் அப்பி, காய்ந்ததும் உரித்து, உப்பை வெளியே இழுக்கிறது. போன முகத்தை யாரும் திரும்பச் செதுக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

உங்கள் ஊரில் திருப்பணி தொடங்கி, கோயில் வாசலில் கம்ப்ரசர் வந்து இறங்கினால் எதற்கு என்று கேளுங்கள். மணல் வீச்சுக்கு அறநிலையத் துறையே தடை போட்டிருக்கிறது. மென்மையான தூரிகையும் தண்ணீரும் பொறுமையும் இருந்தால் பெரும்பாலான அழுக்கு போய்விடும், கல் கறுப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும். நன்றி, வணக்கம்.