வெள்ளிக்கிழமை வந்த கிறிஸ்துமஸ்

(வேலூர் சத்துவாச்சாரியில் நடந்த கிறிஸ்துமஸ் விழாக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, ஆயர் அவர்களே, பிரியாணி வாசனை வந்த பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிற பொறுமைசாலிகளே, எல்லாருக்கும் வணக்கம்.

"வெளிநாட்டில் கிறிஸ்துமஸ்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நோட்டீஸில் பனி கொட்டுகிற ஒரு வீட்டையும் மான் வண்டியையும் போட்டுவிட்டார்கள். நான் நர்ஸாக வேலை பார்த்தது குவைத்தில். அங்கே மானும் இல்லை, பனியும் கொட்டாது. டிசம்பரில் ஸ்வெட்டர் தேடுகிற அளவுக்குக் குளிர் உண்டு, மற்றபடி மணல்தான். அதனால் அந்தப் படத்தை மறந்துவிட்டுக் கேளுங்கள்.

முதலில், டிசம்பர் 25 அங்கே வேலை நாள். வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரே ஆபீஸுக்குக் கிளம்பும். அதனால் அங்கே கிறிஸ்தவர்கள் வெள்ளிக்கிழமை ஆராதனைக்குப் பழகிவிடுகிறார்கள். ஊருக்குப் போன் பண்ணி "இன்னைக்குக் கோயிலுக்குப் போயிட்டு வந்தேன்" என்று சொன்னால், "வெள்ளிக்கிழமையிலயா?" என்று என் மாமியார் ஒவ்வொரு முறையும் சந்தேகமாகக் கேட்பார்.

வார்டில் டியூட்டி போடுகிறவரிடம் போய் "25ஆம் தேதி எங்களுக்குப் பண்டிகை" என்று நிற்க வேண்டும். எங்கள் வார்டில் பாதிப் பேர் கேரளத்துப் பெண்கள், அப்புறம் பிலிப்பைன்ஸ்காரர்கள். எல்லாருக்கும் அதே பண்டிகை, எல்லாருக்கும் அதே நாள் லீவு வேண்டும். நோயாளியை யார் பார்ப்பது? என்னைக் காப்பாற்றியது ஓர் எகிப்துக்காரத் தோழி. அவளும் கிறிஸ்தவள்தான், காப்டிக் சபை. அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 7ஆம் தேதி. என் 25ஆம் தேதி டியூட்டியை அவள் பார்ப்பாள், அவளுடைய 7ஆம் தேதி டியூட்டியை நான் பார்ப்பேன். காலண்டரில் இப்படி இரண்டு தேதி இருப்பது எதற்கு என்று பெரிய பெரிய இறையியல் விளக்கங்கள் உண்டு. எங்கள் வார்டுக்கு அது டியூட்டி மாற்றிக்கொள்ள வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

சரி, ஆராதனைக்கு வருவோம். குவைத் நகரத்தில் நேஷனல் எவாஞ்சலிகல் சர்ச்சின் வளாகம் இருக்கிறது. சுற்றுச்சுவருக்குள் ஒரே வளாகம், அதற்குள் எத்தனையோ மொழிச் சபைகள். கல்யாண மண்டபத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவதுபோல ஒவ்வொரு சபைக்கும் ஒரு நேரம். எங்களுக்கு முன்னால் மலையாளம், எங்களுக்குப் பின்னால் தெலுங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரசங்கம் நீண்டால் பின்கதவு லேசாகத் திறக்கும். அடுத்த சபையின் மூப்பர் தலையை மட்டும் உள்ளே நீட்டிப் பார்த்துவிட்டு மூடுவார். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் திறக்கும். இப்போது இரண்டு தலை தெரியும். உலகத்தில் எந்தப் பிரசங்கியாரும் அதைத் தாண்டிப் பேசியதாக எனக்கு நினைவில்லை. (நம் ஆயர் சிரிக்கிறார். இங்கே அப்படி ஒரு கதவு இல்லையே என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.)

தமிழ்ச் சபையில் நாசரேத்துக்காரர், மார்த்தாண்டத்துக்காரர், தரங்கம்பாடி லுத்தரன், பெந்தெகொஸ்தே, நான் ஒரு வேலூர் சி.எஸ்.ஐ. எல்லாரும் ஒரே பெஞ்சில்தான். ஒரு கீர்த்தனையை நாசரேத்துக்காரர் ஒரு மெட்டில் தொடங்குவார், காட்பாடிக்காரர் இன்னொரு மெட்டில் ஏறுவார், கீபோர்டு வாசிக்கிற பையன் யார் பக்கம் போவது என்று தெரியாமல் விழிப்பான். கேக்குக்கு நம் ஊரில் சில வீடுகளில் உலர்பழத்தை எதில் ஊறப்போடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும், ஆயர் முன்னால் நான் சொல்லமாட்டேன். குவைத்தில் மது கிடையாது. திராட்சை ஜூஸில் ஊறப்போடுவோம். நன்றாகவே இருக்கும்.

இந்த வளாகத்தின் கதையைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். 1853-ல் ஆற்காடு மிஷனைத் தொடங்கியவர்கள் ஸ்கடர் சகோதரர்கள். அவர்கள் அமெரிக்காவில் டச்சு வழி வந்த ரிஃபார்ம்டு சபையைச் சேர்ந்தவர்கள். நம் வட ஆற்காட்டுச் சபைகள் பலவற்றுக்கும் அந்தப் பின்னணிதான். அதே ரிஃபார்ம்டு சபை 1894-ல் அரேபிய மிஷனையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. குவைத்தை ஆண்ட ஷேக் முபாரக் அழைத்ததால், அந்த மிஷன் டாக்டர்கள் அங்கே ஆஸ்பத்திரி வைத்தார்கள். 1912-ல் எலினர் கால்வர்லி என்ற பெண் டாக்டர் போய்ப் பெண்களுக்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். ஆண் டாக்டரிடம் காட்டமாட்டோம் என்று வீடுகள் மறுத்ததால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்த கதையையும், அதனால் அந்த ஸ்கடர் குடும்பத்துப் பெண் ஐடா டாக்டர் ஆன கதையையும் வேலூரில் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. ஐடா அம்மா பிறந்தது 1870-ல், ராணிப்பேட்டையில். வேலூரில் அவருடைய ஷெல் ஆஸ்பத்திரி 1902-ல் வந்தது. பத்து வருஷ இடைவெளியில், கடலுக்கு அந்தப் பக்கம், அதே சபை, அதே வேலை. குவைத்தின் அந்த மிஷன் ஆஸ்பத்திரியை ஒட்டி வளர்ந்ததுதான் நாங்கள் பாட்டுப் பாடிய அந்தச் சபை. ஆஸ்பத்திரி 1967-ல் மூடப்பட்டது. கடற்கரைச் சாலையில் அந்தக் கட்டடங்கள் இன்றும் இருக்கின்றன, 'அம்ரிகானி' என்ற பெயரில் கலாச்சார மையமாக.

ராணிப்பேட்டையிலும் ஆரணியிலும் அந்த அமெரிக்கக் குடும்பங்கள் கொண்டாடியதும் வெளிநாட்டுக் கிறிஸ்துமஸ்தானே. அதை நாம் யோசிப்பதே இல்லை. அவர்களுக்கும் பால்காரர், பக்கத்துத் தெருக்காரர் என்று யாராவது உதவியிருப்பார்கள். எண்ணிக்கையில் குறைந்தவர்கள் ஒரு பண்டிகையைக் கொண்டாடுகிறார்கள் என்றால், அதைப் பாதி நடத்திக் கொடுப்பவர்கள் அந்தப் பண்டிகை இல்லாதவர்கள். நம் தெருவில் அதிரசத்துக்குப் பாகு பதம் பார்க்க என் அம்மா கூப்பிடுவது எதிர்வீட்டு முதலியார் அம்மாவை. அவர் வந்து விரலில் தொட்டுப் பார்த்து "இன்னும் ஒரு கொதி" என்றால்தான் அடுப்பு அணையும். குவைத்தில் எனக்கு இதுதான் இல்லாமல் போனது. கோயில் நிறைய ஆள் உண்டு, பாட்டு உண்டு, கேக் உண்டு. ஆனால் எல்லாம் அந்தச் சுவருக்குள். தட்டில் பலகாரம் வைத்து, மேலே துணி மூடி, யார் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவது? அடுக்குமாடியில் எதிர்க்கதவு யாருடையது என்றே எனக்குத் தெரியாது.

கடைசியில் ஓர் ஆள் கிடைத்தார். எங்கள் பில்டிங்குக்குக் கீழே பக்காலா, அதாவது மளிகைக் கடை. அதில் நின்ற பாய் மேல்விஷாரத்துக்காரர். நான் காட்பாடி என்று தெரிந்த நாளிலிருந்து கறிவேப்பிலைக்குக் காசு வாங்கமாட்டார்.

2015-ல் கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமையிலேயே வந்தது. நானும் அதற்குள் ஓ.பி.க்கு மாறியிருந்தேன், யாரிடமும் டியூட்டி மாற்றக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் குவைத்தில் இருந்த அத்தனை கிறிஸ்தவர்களுக்கும் அன்றைக்கு லீவாயிற்றே! வளாகத்தைச் சுற்றிக் கார் நிறுத்த இடமில்லை, உள்ளே நிற்க இடமில்லை, கூட்டத்தைச் சமாளிக்க எங்கள் நேரத்தையும் குறைத்துவிட்டார்கள். லீவு இல்லாத வருஷங்களில் நிம்மதியாகப் பாடியிருக்கிறோம்.

அந்த வருஷம் மிலாடி நபியும் அதே வாரத்தில்தான். பாய் எனக்கு ஒரு டப்பா பிரியாணி எடுத்து வைத்திருந்தார். நான் கேக்கும் அச்சு முறுக்கும் கொண்டு போனேன். ஊரில் அப்போதுதான் பெருமழை பெய்து ஓய்ந்திருந்தது. அவருடைய தம்பி போனில் பாலாற்று வீடியோ அனுப்பியிருந்தார். மணலை மட்டுமே பார்த்துப் பழகிய நம் பாலாற்றில் கரையோரம் வரை தண்ணீர். "சிஸ்டர், இது நம்ம ஆறுதானா பாருங்க" என்று கல்லாவை விட்டு எழுந்து வந்து காட்டினார். குப்பூஸ் ரொட்டி வாங்க வந்த பெங்காலிப் பையன் காசை நீட்டியபடியே நிற்கிறான், நாங்கள் இருவரும் அந்த வீடியோவை மறுபடியும் ஓடவிட்டு, அது எந்தப் பாலம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.