நிக்காஹ் பத்திரம் கடல் கடக்கும்போது

நேயர்களுக்கு அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் எத்தனையோ வீடுகளில் மகன் வளைகுடாவில் இருக்கிறார், மருமகள் விசாவுக்குக் காத்திருக்கிறாள். பல நேரம் அந்த விசா ஒரே ஒரு தாளில் முட்டி நிற்கும். பள்ளிவாசல் ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தரிலிருந்து, அதாவது திருமணப் பதிவேட்டிலிருந்து, எடுத்த நகல்தான் அது.

அந்தப் பக்கத்தை உற்றுப் பாருங்கள். மணமக்கள் பெயர், தகப்பனார் பெயர், வலி என்னும் மணமகளின் பொறுப்பாளர், சாட்சிகள் இரண்டு பேர், மணமகன் மணமகளுக்குத் தரும் மஹர் இத்தனை பவுன், ஹிஜ்ரி என்னும் இஸ்லாமிய நாள்காட்டித் தேதி, ஓரத்தில் பள்ளிவாசல் முத்திரை. எங்காவது அடித்து எழுதியிருந்தால் பக்கத்தில் ஒரு சிறு கையெழுத்து. விசாவுக்காக இதை மொழிபெயர்க்கும்போது, சான்றளித்த மொழிபெயர்ப்பில் இத்தனையும் வரவேண்டும், முத்திரையில் உள்ள எழுத்து உட்பட. கீழே, இது மூலத்துக்குச் சரியான மொழிபெயர்ப்பு என்று எழுதி, மொழிபெயர்த்தவர் பெயர், கையொப்பம், தேதி, தொடர்பு விவரம் தரவேண்டும். பிரிட்டன் கேட்பது இதைத்தான். துபாய் அரசு அலுவலகங்களுக்கு அரபி மொழிபெயர்ப்பு என்றால், அந்நாட்டு நீதி அமைச்சக உரிமம் பெற்றவரே செய்யவேண்டும். இங்கே காசு கொடுத்துச் செய்துவிடாதீர்கள்.

அப்புறம் பெயர். தஃப்தரில் தகப்பனார் பெயர் வெறும் தலைப்பெழுத்தாக நிற்கும். பாஸ்போர்ட்டில் முழுதாக விரிந்திருக்கும். "பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போட்டுக் கொடுங்க பாய்" என்று பெற்றவர்கள் மொழிபெயர்ப்பவரிடம் கெஞ்சுவார்கள். அவர்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதலாம், தவறில்லை. ஆனால் மூலத்தில் இல்லாத பெயரையோ வேறு வயதையோ சேர்த்தால் அது பொய்ச்சான்று. தூதரகத்தில் மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். மாட்டிக்கொள்வது அந்தப் பெண்தான். திருத்தம் வேண்டுமென்றால் ஜமாஅத் நிர்வாகத்திடம் போய், தஃப்தரிலேயே முறைப்படி திருத்தி வாங்குங்கள்.

ஹிஜ்ரி தேதியை மட்டும் வைத்து, செல்போனில் ஆங்கிலத் தேதி கணக்கிடுவதும் ஆபத்து. சவூதி நாள்காட்டிக்கும் நம்மூர்ப் பிறைக்கும் ஓரிரு நாள் வித்தியாசம் வரலாம். நிக்காஹ் அன்றே இரண்டு தேதியையும் எழுதச் சொல்லுங்கள்.

ஜமாஅத் பத்திரம் இருந்தாலும் அரசுப் பதிவை விடக்கூடாது. 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி எந்த மதத் திருமணத்தையும் 90 நாளுக்குள் பதியவேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். அந்தச் சான்றிதழுக்கு மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகம். சவூதிக்கு 2022 டிசம்பர் முதல் அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை, அதாவது தூதரகச் சான்றொப்பம் தேவைப்படாத சர்வதேசச் சான்று முத்திரை, போதும். துபாய், அபுதாபிக்கு அவர்கள் தூதரகத்துக்கும் போகவேண்டும்.

பர்மா, மலேயா என்று கடல் தாண்டிக் கணக்கு எழுதிய மண் இது. தாளின் அருமை நமக்குத் தெரியாததா? அடுத்த நிக்காஹ் மஜ்லிஸில், தஃப்தரில் பேனா வைக்கும் முன்பே இரண்டு பாஸ்போர்ட்டையும் எழுதுகிறவர் முன்னால் விரித்து வையுங்கள். மணமகளின் பெயரை அவள் தகப்பனாரே ஒவ்வோர் எழுத்தாகப் படித்துச் சரிபார்க்கட்டும்.