சகடைச் சத்தம் போட்ட கிளி

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில், அப்பத்தா வீட்டில் வளர்ந்தவள் நான். 1961-இல் அந்த வீட்டுக்கு ஒரு கிளிக்குஞ்சு வந்தது. கண்மாய்க் கரையில் நின்ற பட்ட பனை ஒன்று காற்றில் சாய்ந்துவிட்டது. அதன் பொந்தில் இருந்த குஞ்சு. பாதி உடம்பில் இறகே முளைக்கவில்லை. கேழ்வரகுக் கூழை விரல் நுனியில் தொட்டு ஊட்டி அப்பத்தா அதைத் தேற்றிவிட்டார்கள். மதுரை அம்மன் கையில் கிளி இருக்கிறதே, அந்த நினைப்பில் மீனாட்சி என்று பெயர் வைத்தோம். மூன்றாம் வருடம் கழுத்தைச் சுற்றிக் கறுப்பும் ரோஜா நிறமுமாக ஆரம் விழுந்தது. ஆண் கிளிக்குத்தான் அந்த ஆரம் வரும். என்ன செய்வது? கூப்பிட்டுப் பழகிய பெயர், மீனாட்சியாகவே இருந்தது.

இரவில் வளவுப் பத்தியில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், கூண்டு தொங்கும். அப்பத்தாவின் பழைய கண்டாங்கிச் சேலைத் துண்டைப் போட்டு மூடிவிடுவார்கள். பகலில் கூண்டுக் கதவு திறந்தே இருக்கும். ஆனால் இறக்கையை வெட்டியிருந்தார்கள். அந்தக் காலத்தில் கிளி வளர்த்த வீடுகளில் அதுதான் வழக்கம். இன்று நினைத்தால் எனக்கு மனது கனக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் விடியற்காலை. எங்கள் வீட்டுப் பின்கட்டில் கிணறு. காலை நாலரை மணிக்கு வேலைக்கார அம்மா வந்து தண்ணீர் இறைப்பார். இரும்புச் சகடை, கப்பி என்பார்களே அதுதான், எண்ணெய் போட்டாலும் இரண்டே நாளில் பழையபடி கத்த ஆரம்பித்துவிடும். கிரீச்... கிரீச்... என்று இழுத்து, பிறகு வாளி தண்ணீரில் விழுகிற 'தொபுக்'. மீனாட்சிக்கு நாங்கள் 'அப்பத்தா', 'வாங்க', 'யாரது' எல்லாம் சொல்லிக் கொடுத்தோம். நாலைந்து வார்த்தை பேசும். அவற்றையெல்லாம் விடச் சுத்தமாக அது கற்றுக்கொண்டது, யாருமே சொல்லிக் கொடுக்காத அந்தச் சகடைச் சத்தத்தைத்தான். 'தொபுக்' உட்பட.

ஒரு கல்யாணத்துக்கு வந்த உறவுக்காரர் பட்டாலையில் படுத்திருந்தார். விடியலுக்கு முன் கிணற்றடியில் யாரோ தண்ணீர் இறைப்பது கேட்டு, முகம் கழுவலாம் என்று எழுந்து போனார். கிணற்றடியில் ஆள் இல்லை. கயிறு காய்ந்து கிடக்கிறது. திரும்பி வந்து படுத்தால் மறுபடியும் கிரீச். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் காலை அப்பத்தாவைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆச்சி, தப்பா நினைக்காதீங்க, கிணத்துக்கு ஒரு பரிகாரம் பண்ணிப்புடுங்க" என்றார். அப்பத்தா ஒன்றும் பேசவில்லை. கூண்டு மேல் கிடந்த துணியை எடுத்தார்கள். மீனாட்சி அவரை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே ஒரு வாளி தண்ணீர் இறைத்தது.

1974-இல் மோட்டார் போட்டார்கள். சகடையைக் கழற்றிப் பரணில் வைத்தாயிற்று. ஆனால் காலை நாலரை மணிக்கு வளவில் தண்ணீர் இறைக்கும் சத்தம் நிற்கவில்லை. அதைக் கேட்டுத்தான் அப்பத்தா எழுந்து அடுப்பு மூட்டுவார்கள்.

கிளி ஏன் இப்படிச் செய்கிறது? நமக்கு வேடிக்கை காட்ட என்று நினைக்கிறோம். கிளி கூட்டத்தோடு வாழ்கிற பறவை. காட்டில் அது தன் கூட்டத்தின் குரலைக் கேட்டுக் கேட்டுப் படிக்கும். கூட்டத்திலிருந்து பிரித்துக் கொண்டுவந்தால், வீட்டில் என்ன கேட்கிறதோ அதையே தன் கூட்டமாக எடுத்துக்கொள்கிறது. அதற்கு உதடு கிடையாது. மார்புக்குள்ளே, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிகிற இடத்தில் சத்தம் பிறக்கிறது. தடித்த நாக்கு அதைத் திருத்தி வெளியே அனுப்புகிறது. அதனால்தான் மூக்கு மூடியிருந்தாலும் பேச்சு வரும். மத்தியானம் வீடே தூங்கும்போது பாருங்கள், ஒற்றைக் காலில் நின்று, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, மெல்லிய குரலில் முணுமுணுக்கும். காலையில் கேட்டதையெல்லாம் ஒத்திகை பார்க்கிற மாதிரியே இருக்கும்.

துணியை எடுத்ததும் சோம்பல் முறிக்கும் அழகைச் சொல்ல வேண்டும். வலது இறக்கையையும் வலது காலையும் சேர்த்து ஒரே நீட்டாகப் பின்பக்கம் நீட்டும். பிறகு இடது பக்கம். கடைசியில் இரண்டு தோளையும் மேலே தூக்கி ஒரு குலுக்கல். ஒரு நாள்கூட இந்தச் சோம்பல் முறிப்பைத் தவறவிட்டதில்லை.

அடுத்தது மிளகாய். வளவில் குண்டு மிளகாய் காயப் போட்டிருந்தால் அதற்குத் திருநாள். ஒன்றைக் காலில் பிடித்து, மூக்கால் தோலைக் கிழித்து, விதையை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கும். நாம் அந்தப் பக்கம் போனாலே தும்முவோம். அது நிதானமாகத் தின்னும். காரணம் இதுதான்: மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைப்பதே இல்லை. நமக்கு அதை உணர்த்துகிற நரம்பின் கதவு, பறவைகளிடம் அந்தக் காரத்துக்குத் திறப்பதில்லை. கொவ்வைப் பழமும் கொய்யாவும் எவ்வளவு கொடுத்தாலும், மிளகாய் காய்கிற அன்றைக்கு அதையெல்லாம் திரும்பியும் பார்க்காது.

குளியல் என்றால் மழைக் குளியல்தான். தட்டில் தண்ணீர் வைத்தால் எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடும். மழை வந்து, நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் வளவுக்குள் இறங்கும்போது, மூலையில் நாங்கள் வைத்த அண்டா விளிம்பில் போய் உட்கார்ந்து இறக்கையை விரித்துக்கொடுக்கும். நனைந்தால் பச்சை போய் உடம்பு கருத்துவிடும், கழுத்து குச்சியாகிவிடும். ஆனாலும் உள்ளே வராது.

இரவு துணி போட்ட பிறகு உள்ளேயிருந்து கர கரவென்று ஒரு சத்தம். மேல் மூக்கும் கீழ் மூக்கும் உரசுகிற சத்தம். "மாவரைக்குது, இனிமே தூங்கிடும்" என்பார்கள் அப்பத்தா. மனது நிறைந்திருக்கிற கிளிதான் அப்படி அரைக்கும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

ஆனால் சாயங்காலம்... சாயங்காலம்தான் எனக்குத் தாங்காது. ஐந்தரை மணிக்கு மேல் கண்மாய்ப் பக்கத்திலிருந்து கிளிக் கூட்டம் கத்திக்கொண்டே எங்கள் வளவுக்கு மேலே போகும். மீனாட்சி தூணில் மூக்கை ஊன்றி மூக்கை ஊன்றி உச்சி வரை ஏறி, மேலே பார்த்து அதே குரலில் கத்தும். அந்தக் குரலையும் நாங்கள் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கூட்டம் போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும். அப்பத்தா கையை நீட்டினால்தான் இறங்கும்.

1983-இல் மீனாட்சி போய்விட்டது. அந்த மாதம் வீட்டுக்கு ஒரு அலாரம் கடிகாரம் வாங்கினோம்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். கடைசியில் சொல்கிறேன் என்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1972-இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் பச்சைக்கிளியைப் பிடிக்கவோ விற்கவோ வளர்க்கவோ கூடாது. மொட்டை மாடியில் மண் சட்டியில் தண்ணீர் வையுங்கள், வந்து குடிக்கட்டும். விழுந்த குஞ்சைக் கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அப்புறம், முக்கியமாக, பட்ட பனை. விறகுக்கு வெட்டுவதற்கு முன் ஒரு நாள் காலையில் கீழே நின்று பாருங்கள். தை முதல் சித்திரை வரை கிளி குஞ்சு பொரிக்கிற காலம். பொந்திலிருந்து சிவப்பு மூக்கு எட்டிப் பார்த்தால், அந்த மரத்தை வைகாசி வரை விட்டுவையுங்கள். வணக்கம்.