உடம்பு வலியும் மண்டைக் குடைச்சலும்

எல்லோருக்கும் வணக்கம்.

"உடல் உழைப்பா, மூளை உழைப்பா, எது கடினம்?" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட வசதியான தலைப்பு. மூட்டை தூக்குபவரை ஒரு பக்கமும் நாள் முழுக்கக் கணினியைப் பார்ப்பவரை இன்னொரு பக்கமும் நிறுத்தி, கடைசியில் "ரெண்டும் கஷ்டம்தான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டால் யாருக்கும் மனவருத்தம் இருக்காது. எனக்கு அதில் விருப்பமில்லை. என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எப்போது நிறுத்தலாம், எந்த வேகத்தில் செய்யலாம் என்பது தன் கையில் இல்லாத ஆளைத்தான் வேலை சக்கையாகப் பிழிகிறது. அது கை வேலையா மூளை வேலையா என்பதெல்லாம் அதற்கு அடுத்த கேள்வி.

ஆனாலும் ஆற்றல் கணக்கைப் பார்க்காமல் தாண்டிப் போக முடியாது. மூளையின் எடை உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் நாம் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதம் அதற்கே போய்விடுகிறது. இதைச் சொன்னதும் மூளை உழைப்புக் கட்சிக்காரர்கள் கைதட்டுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். சுவரை வெறித்துப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாலும் மூளைக்கு அந்தச் செலவு உண்டு. கடினமான கணக்கில் இறங்கினால் அதற்கு மேல் கூடுவது சில சதவீதம் மட்டுமே. மண்வெட்டியால் மண் அள்ளிப் போடுபவரோ, சும்மா உட்கார்ந்திருப்பவரைப்போல ஐந்து மடங்குக்குக் குறையாமல் செலவழிக்கிறார். கலோரிக் கணக்கில் பார்த்தால் வழக்கு அப்போதே தள்ளுபடி.

சதுரங்க வீரர்கள் உட்கார்ந்த இடத்திலேயே மாரத்தான் ஓடுபவர்களைப் போல ஆற்றலை எரிக்கிறார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது. நான் அதை நம்புவதில்லை. ஆனால் 1984 செப்டம்பரில் கார்போவுக்கும் காஸ்பரோவுக்கும் தொடங்கிய உலகப் பட்டப் போட்டி 48 ஆட்டங்கள் நடந்தும் முடியாமல், வீரர்கள் களைத்துவிட்டார்கள் என்று 1985 பிப்ரவரியில் பாதியில் நிறுத்தப்பட்டது உண்மை. கார்போவ் 10 கிலோ வரை இளைத்ததாகச் சொல்லப்பட்டது. ஐந்து மாதம் பதற்றத்திலேயே இருந்தால் தூக்கமும் பசியும் கெட்டு எவரும் இளைக்கத்தான் செய்வார். சிந்தனை நேராகக் கொழுப்பைக் கரைத்துவிடவில்லை.

சரி, கலோரி செலவாகவில்லை என்றால் மேசை முன் உட்கார்ந்திருந்தவர் மாலையில் ஏன் துவண்டு போகிறார்? இந்தக் கேள்வி புதிதில்லை. இத்தாலியின் டூரின் நகரில் ஆஞ்சலோ மோசோ என்ற உடலியல் அறிஞர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு கருவி செய்தார். கையை அசையாமல் கட்டிவைத்து, ஒரே ஒரு விரலால் எடைக்கல்லைத் திரும்பத் திரும்ப இழுக்க வேண்டும். விரல் எத்தனை தடவை, எவ்வளவு உயரம் இழுத்தது என்பது தாளில் கோடாக விழும். மாணவர்களுக்கு வாய்மொழித் தேர்வு நடத்திவிட்டு வந்த பேராசிரியர்களை அதில் இழுக்கச் சொன்னார். அன்றைக்கு அந்த விரல் எந்த வேலையும் செய்யவில்லை. ஆனாலும் சீக்கிரமே சோர்ந்துபோனது.

இதையே 2009இல் சாமுவேலே மார்கோராவும் கூட்டாளிகளும் இன்னும் கறாராகச் செய்தார்கள். 16 பேர். ஒரு நாள் 90 நிமிடம் கவனத்தைப் பிழியும் கணினிப் பயிற்சி, இன்னொரு நாள் அதே 90 நிமிடம் சும்மா ஆவணப்படம். இரண்டுக்கும் பிறகு நிலையான சைக்கிளில் "இனி முடியாது" என்று சொல்லும் வரை மிதிக்க வேண்டும். ஆவணப்படம் பார்த்த நாளில் சராசரியாக 754 நொடி மிதித்தார்கள். மூளையைப் பிழிந்த நாளில் 640 நொடிதான். இதயம், இரத்தம், தசை எதிலும் அதற்கேற்ற வித்தியாசம் இல்லை. அதே மிதி, அதே எடை, ஆனால் முதல் நிமிடத்திலிருந்தே அவர்களுக்கு அது கூடுதல் சிரமமாகத் தெரிந்தது. கால் ஓய்வதற்கு முன்பே ஆள் கைவிட்டுவிட்டார்.

இதில் ஒரு விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. களைப்பு என்பது பெரும்பாலும் 'இதற்கு மேல் வேண்டாம்' என்று உள்ளே எடுக்கப்படும் ஒரு முடிவு. பாரிஸில் 2022இல் ஒரு குழு ஆறு மணி நேரத்துக்கும் மேல் கடினமான மன வேலை செய்தவர்களின் மூளையை ஆராய்ந்தபோது, முன்மூளையின் ஒரு பகுதியில் குளூட்டமேட் என்ற பொருள் சேர்ந்திருப்பதைக் கண்டது. அந்த நிலைக்கு வந்தவர்கள் காத்திருந்தால் கிடைக்கும் பெரிய பலனை விட்டு, உடனே கைக்கு வரும் சின்ன பலனைத் தேர்ந்தெடுத்தார்கள். மன உறுதி தொட்டித் தண்ணீர் மாதிரி தீர்ந்துபோகும் என்று இதற்கு முன்னால் ஒரு கொள்கை பிரபலமாக இருந்தது. 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து 2016இல் அதைச் சோதித்தபோது சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே இந்தத் துறையில் யார் எதை அடித்துச் சொன்னாலும் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள், பாரிஸ் ஆய்வு உட்பட.

மாலை நாலு மணிக்கு, கணக்கில் உதைக்கிற ஒரு தொகையைத் தேடும் கணக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். விரல் அதே வரியில் மூன்றாவது முறை நிற்கிறது. கண் எண்ணைப் படிக்கிறது, மனதில் அது பதியவில்லை. எழுந்து முகம் கழுவிவிட்டு வருகிறார். பக்கத்துத் தாளை எடுக்கிறார், எதற்கு எடுத்தோம் என்று மறந்துவிடுகிறது. அவரைத் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இதில் ஒன்றுமே தெரியாது. 'உட்கார்ந்துதானே இருக்கிறார்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

இன்னொருவரையும் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். மூட்டை இறக்குகிற ஒருவர். குனிந்து கையால் தூக்குவதில்லை. வண்டியின் விளிம்புக்கு முதுகைக் காட்டி நின்று, முழங்காலை லேசாக மடக்கி, மூட்டை பின்கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் வந்து அமரும்வரை காத்திருக்கிறார். அமர்ந்ததும் மூச்சை வெளியே விட்டபடி நிமிர்கிறார். அப்புறம் சின்னச் சின்ன எட்டாக, வேகமான நடை. மெதுவாக நடந்தால் பாரம் கழுத்தில் அதிக நேரம் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். இறக்கிப் போட்டுவிட்டுத் திரும்பி வரும்போது கை தளர்ந்து தொங்குகிறது, நடை நீளமாகிறது. அந்த வெறுங்கை நடைதான் அவருக்கு ஓய்வு. யாரிடமும் கேட்காமல் வேலைக்குள்ளேயே அதை ஒளித்துவைத்திருக்கிறார். சோம்பேறித்தனம் என்று மேற்பார்வையாளர் நினைப்பது பல நேரம் இந்த நடையைத்தான்.

அமெரிக்காவில் பெத்லஹேம் எஃகு ஆலையில் 1899இல் டெய்லர் என்ற பொறியாளர் இந்த நடையைக் கடிகாரத்தால் அளக்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றும் 42 கிலோ எடையுள்ள இரும்புக் கட்டிகளைச் சுமந்து ஏற்றும் வேலை. பாரம் கையில் இருக்கும் நேரம் நாளில் 43 சதவீதம்தான் இருக்க முடியும், மிச்ச நேரம் கை காலியாக இருந்தாக வேண்டும் என்று அவரே எழுதினார். ஓய்வு தேவை என்று கண்டுபிடித்தவரும் அவர்தான். அந்த ஓய்வைத் தொழிலாளியிடமிருந்து பிடுங்கி, கடிகாரம் வைத்திருப்பவர் கையில் கொடுத்தவரும் அவர்தான். ஒருவர் நாளொன்றுக்கு 12½ டன்னுக்குப் பதில் 47½ டன் ஏற்றினார் என்று அவர் சொன்ன கதை முழுக்க நம்பத்தக்கதல்ல என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் கடிகாரம் மட்டும் நிலைத்துவிட்டது.

'உடம்பால் உழைப்பவன் ராத்திரி படுத்தால் நிம்மதியாகத் தூங்குவான், நமக்குத்தான் தூக்கம் வருவதில்லை' என்று சிலர் பெருமூச்சு விடுவார்கள். இதைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். முதுகுத்தண்டு தேய்ந்தவருக்கு எந்தப் பக்கம் புரண்டு படுத்தாலும் வலிதான். பழக்கமில்லாத வேலையால் வரும் தசைவலி ஒன்று முதல் மூன்று நாளில் உச்சத்துக்குப் போய் ஆறிவிடும். இருபது வருடமாகத் தேய்ந்த மூட்டு ஆறுவதில்லை. மேசை வேலை செய்பவருக்கு ஐம்பது வயதில் அனுபவத்தின் மதிப்புக் கூடுகிறது. சுமை தூக்குபவருக்கு அந்த வயதில் வேலை கிடைப்பதே பாடு. என்னைக் கேட்டால் இரண்டு உழைப்புக்கும் நடுவில் இருக்கிற பெரிய அநியாயம் இதுதான். கலோரியும் குளூட்டமேட்டும் இதற்குப் பின்னால்தான் வரும்.

உடல் அசைந்தால் ஆரோக்கியம்தானே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். லண்டன் பேருந்துகளில் வேலை செய்தவர்களை ஜெர்ரி மோரிஸ் ஆராய்ந்து 1953இல் வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தின் படியில் ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு. உடற்பயிற்சி பற்றிய இன்றைய அறிவுரைகளுக்கெல்லாம் அடித்தளம் போட்ட ஆய்வுகளில் அது ஒன்று. ஆனால் டென்மார்க்கில் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மனும் குழுவினரும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2021இல் தந்த முடிவு வேறு. ஓய்வு நேரத்தில் உடலை வருத்துபவர்களுக்கு இதயநோயும் மரணமும் குறைந்தன. வேலையில் அதிகமாக உடலை வருத்துபவர்களுக்கு அவை கூடின. அசைவது அதே தசைதான். ஓடப் போகிறவர் அரைமணி நேரம் ஓடுவார், மூச்சு வாங்கினால் நிற்பார், நாளைக்கு வேண்டாம் என்றால் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார். சுமை தூக்குபவரின் இதயத்துடிப்பு எட்டு மணி நேரமும் ஏறியே இருக்கும், கனமானதைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் இரத்த அழுத்தம் எகிறும், முழுதாக ஆறுவதற்குள் மறுநாள் விடிந்துவிடும். அந்த ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்களில் இப்படி ஓய்வைத் தானே தீர்மானிக்க முடியாமல் போவதும் ஒன்று.

மூளை வேலைப் பக்கம் வந்தாலும் இதே கதைதான். ராபர்ட் காரசெக் 1979இல் சொன்னது சுருக்கமானது: வேலைப்பளு அதிகம், முடிவெடுக்கும் உரிமை குறைவு, இரண்டும் சேர்ந்தால்தான் ஆள் நொறுங்குகிறார். பளுவும் உரிமையும் சேர்ந்தே அதிகமாக இருந்தால் அந்த வேலையில் ஆள் வளரவும் கூடும். பிரிட்டன் அரசு ஊழியர்களை 1967இலிருந்து தொடர்ந்து பார்த்த ஆய்வில், உச்சியில் இருந்த அதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்களின் மரண விகிதம் சுமார் மூன்று மடங்கு இருந்தது. புகைப்பழக்கமும் கொழுப்பும் அதில் ஒரு பகுதியைத்தான் விளக்கின. பொறுப்பு அதிகமாக இருப்பவருக்குத்தான் மாரடைப்பு வரும் என்று அதுவரை எல்லோரும் நம்பியிருந்தார்கள். பெரிய பதவிக்காரர்கள் இன்னும் அதையே சொல்லிக்கொள்கிறார்கள், பாவம்.

இந்த இரண்டு கட்சியிலும் சேராத ஒரு உழைப்பு இருக்கிறது. சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷில்ட் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983இல் அதைப் பற்றி எழுதினார். திட்டுகிறவரிடமும் சிரிக்க வேண்டும், அந்தச் சிரிப்பு நிஜம் மாதிரி தெரியவும் வேண்டும். செவிலியர், ஆசிரியர், வாடிக்கையாளர் சேவையில் தொலைபேசியை எடுப்பவர் எல்லோருக்கும் இது உண்டு. நாள் முழுக்க நின்ற கால் வலி, மருந்தின் அளவைத் தப்பில்லாமல் கணக்கிட்ட தலைவலி, பயந்துபோன நோயாளியின் குடும்பத்துக்குத் தைரியம் சொன்ன அலுப்பு என எல்லாம் ஒரே செவிலியரின் ஒரே நாளில் வருகிறது. அவரை எந்தக் கட்சியில் சேர்ப்பீர்கள்?

ஓய்வைப் பற்றிக் கேட்டால், தலை கனத்திருப்பவருக்கு நடையோ கைவேலையோ உண்மையிலேயே உதவும். அதே அறிவுரையைச் சுமை தூக்கிவிட்டு வந்தவரிடம் சொன்னால் அடிக்க வருவார். அவருக்கு வேண்டியது தசை ஆறும் நேரம்.

வேலைக்குள்ளேயே ஓய்வை வைக்க முடியும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ராடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எதிரியின் நீர்மூழ்கிகளைத் தவறவிட்டதால், நார்மன் மேக்வொர்த் அதை ஆராய்ந்தார். அரைமணி நேரத்திலேயே கவனம் சரிய ஆரம்பிக்கிறது என்று 1948இல் எழுதினார். மாநாடுகளில் உடனுக்குடன் மொழிபெயர்ப்பவர்கள் இன்று இருவராகத்தான் அறைக்குள் போகிறார்கள். 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஒலிவாங்கியை மாற்றிக்கொள்கிறார்கள். பாரத்துக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், எல்லா வசதியும் சரியாக இருந்தாலும் ஒருவர் தூக்கக்கூடிய பரிந்துரை எடை 23 கிலோ என்கிறது. மூளைக்கு இப்படி ஒரு கிலோக் கணக்கு இல்லை. அதற்குப் பதிலாக வேலை நேரம் முடிந்தபின் அலுவலக அழைப்பை எடுக்காமல் இருக்கும் உரிமையைப் பிரான்ஸ் 2017இலும் ஆஸ்திரேலியா 2024இலும் நடைமுறைக்குக் கொண்டுவந்தன.

இரண்டு பளுவும் ஒரே தோளில் ஏறுவது இப்போது பெரிய கிடங்குகளில் நடக்கிறது. பொருள் எடுப்பவர் நாள் முழுக்க நடக்கிறார், குனிகிறார், தூக்குகிறார். கையில் இருக்கும் ஸ்கேனர் அடுத்தது எந்த அலமாரி என்று சொல்கிறது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எத்தனை நொடி ஆனது என்று பதிகிறது, பின்தங்கினால் எச்சரிக்கிறது. டெய்லராவது கடிகாரத்தோடு பக்கத்தில் வந்து நின்றார். கழிப்பறைக்குப் போக நேரம் விடாத இலக்குகளை வைக்கக் கூடாது என்று கலிஃபோர்னியா மாநிலம் 2021இல் தனியாக ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது. இலக்கு என்ன என்பதைத் தொழிலாளிக்கு எழுத்தில் சொல்லவும் வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அதுவரை எத்தனை எடுத்தால் போதும் என்று தெரியாமலேயே பலர் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். நேரம் இருக்கிறது, கேள்விகளைக் கேளுங்கள். மாற்றுக்கருத்து இருப்பவர்கள் முதலில் வரலாம்.